கத்திரிப்பூ நிற வினையூக்கி

வியாசர்பாடி
4.2.2001

ரோஸ்மேரிக்கு,

எழில்மொழி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். போடாதே, உள்ளே கெமிஸ்ட்ரி இருக்கிறது.

முதலில் பழைய சண்டை. ஜெர்மனியில், டார்ட்மண்டில் ஆராய்ச்சிக்கு நம் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. நீ மட்டும் போனாய். கடைசி நிமிஷம் வரை ஏர்போர்ட் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாய் என்று உன் அப்பா லியோனார்ட் அங்கிள் சொன்னார். என்னை வீட்டில் தடுத்துவிட்டார்கள் என்று நீ எல்லோரிடமும் சொல்லி வருவதாகவும் கேள்வி. யாரும் தடுக்கவில்லை. எங்கப்பா சூட்கேஸ்கூட வாங்கி வைத்திருந்தார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். குடுவையில் ஒரு சிட்டிகை செய்து அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதில் எனக்கு ருசி இல்லை. நான் செய்வது டிரம் டிரம்மாக லாரியில் ஏற வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருந்தால் பேசிப் பேசியே என்னை விமானத்தில் ஏற்றியிருப்பாய். உன் வாயை எனக்குத் தெரியாதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எண்ணூரில் எங்கள் கம்பெனி சோப்புக்கும் ஊதுபத்திக்கும் வாசனைப் பொருள் செய்கிறது. நான் இருக்கும் பி பிளாக்கை மூடிவிட்டு, ரியாக்டரைக் கழற்றி குஜராத்துக்கு அனுப்பிவிடலாம் என்று முதலாளிகள் முடிவெடுக்கப் போகிறார்கள். மேனேஜர் மனோகரன் சாரிடம் நான் நேராகவே போய் நின்றேன். ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கிற அமிலத்தை வைத்துக் கஸ்தூரி மணம் செய்து காட்டுகிறேன், அதுவரை பி பிளாக்கில் கை வைக்காதீர்கள் என்றேன். "செஞ்சி காட்டும்மா, அப்பறம் பேசுவோம்" என்றார். செய்து காட்டினால் பிளாக்கும் தப்பும், அதில் வேலை செய்கிற அத்தனை பேரும் தப்புவார்கள், பொறுப்பும் எனக்கு வரும். தோற்றால் எல்லாமே லாரியில் ஏறிவிடும்.

அந்த மணத்துக்கு வழி ருத்தீனியம் கார்பீன் வினையூக்கி. நீ தினமும் கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிற அதே சாமான். ஒரு பாட்டில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துவிட்டேன். அவற்றில் கைப்பக்குவம் இருக்காது. உன் கைப்பக்குவத்தை எழுதி அனுப்பு.

ஈமெயில் வேண்டாம். டோல்கேட் பிரவுசிங் சென்டரில் பின்னால் நிற்கிறவன் எல்லாவற்றையும் படிக்கிறான். போனில் பேசினால் நாம் சண்டைதான் போடுவோம்.

எழில்மொழி


டார்ட்மண்ட்
17.2.2001

எழில்மொழி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம் வந்தது.

என்னை ஏர்போர்ட்டில் தனியாக நிற்கவைத்ததை நீ நாலு வரியில் முடித்துவிட்டாய். நான் இன்னும் முடிக்கவில்லை. ருசியாவது ஒன்றாவது, நீ பயந்தாய். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்காக உன் பி பிளாக் குஜராத்துக்குப் போவதைப் பார்த்துக் கைதட்டுகிற ஆள் நான் இல்லை.

மனோகரன் சார் கேட்டால் இப்படிச் சொல். ருத்தீனியம் ஓர் உலோகம். அது ஒரு கார்பனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடிக்குத்தான் கார்பீன் என்று பெயர். இரட்டைப் பிணைப்புள்ள வேறொரு மூலக்கூறு பக்கத்தில் வந்தால், தன் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு அதில் பாதியை வாங்கிக்கொள்ளும். உன் மூலக்கூறு ஒரு நீளச் சங்கிலி. அதன் இரண்டு முனையிலும் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ருத்தீனியம் ஒரு முனையைப் பிடிக்கும். வளைந்து வருகிற மறுமுனையையும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். சங்கிலி வளையமாகிவிடும், அந்த வளையம்தான் மணக்கும். முனைகளில் மிஞ்சிய கார்பன் இரண்டும் ஒன்று சேர்ந்து எத்திலீன் என்ற வாயுவாகப் போகும். ருத்தீனியம் அடுத்த சங்கிலியைத் தேடிப் போகும். அதனால்தான் ஒரு சிட்டிகை போதும்.

கைப்பக்குவம் கேட்டாய். டொலுயின் கரைப்பானில் நன்றாக நீர்க்கக் கரை, கஞ்சத்தனம் பண்ணாதே. நெரிசலாக இருந்தால் சங்கிலி தன் மறுமுனையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். உனக்கு வளையம் கிடைக்காது, கோந்துதான் கிடைக்கும். சூடு மிதமாக இருக்கட்டும். பொடி கத்திரிப்பூ நிறத்தில் இருக்க வேண்டும், பழுப்பாக வந்தால் திருப்பி அனுப்பிவிடு. எல்லாவற்றுக்கும் மேலே காற்று. கரைத்த பிறகு காற்றுப் பட்டால் அது செத்துவிடும். முதலில் நைட்ரஜனை விட்டு ரியாக்டரில் இருக்கிற காற்றையெல்லாம் துரத்து. காற்று, காற்று, காற்று. மூன்று முறை எழுதிவிட்டேன்.

அப்பாவைப் பார்த்தாயானால் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது. காசிமேட்டில் லாஞ்ச் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, எனக்குப் போனில் நன்றாக இருக்கிறேன் என்கிறார்.

ரோஸ்மேரி


வியாசர்பாடி
25.3.2001

ரோஸ்மேரிக்கு,

போச்சு.

பொடி நல்ல கத்திரிப்பூ நிறத்தில்தான் வந்தது. கரைத்ததும் கண்ணைப் பறித்தது. சாயங்காலத்துக்குள் டீத்தண்ணி மாதிரி ஆகிவிட்டது. சாம்பிளை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். போட்ட சங்கிலி பெரும்பாலும் போட்டபடியே இருந்தது. மிச்சம் கோந்து. லேபில் இருக்கிற செல்லக்கனி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "கஸ்தூரின்ன, கடலெண்ண வாசனகூட வர்லியே" என்றாள். எனக்கு அழுகை வந்தது, எதிரிலேயே அழுதேன், வெட்கமாக இல்லை.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். ஆகவே தப்பு உன் பக்கம். எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய், அல்லது உங்கள் லேபில் ஓடுவதெல்லாம் படம் காட்டத்தான்.

காற்று புகுந்திருக்கும் என்று மட்டும் ஆரம்பிக்காதே. ரியாக்டரை மூடியவர் பாஸ்கர் அண்ணன். அவரைப் பற்றி உனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனிக்குக் கிழக்கே, கடலோரத்தில் வெள்ளோடைக் குப்பம் என்று ஒன்று இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு தடவை கம்பெனி விட்ட புகையில் அங்கே பிள்ளைகளுக்குக் கண் எரிந்து தொண்டை கட்டிவிட்டது. குப்பமே வந்து கேட்டில் உட்கார்ந்தது. மீன் விற்கிற பச்சையம்மா அக்காதான் முன்னால் நின்றவர். கம்பெனி பணிந்தது. ரியாக்டர் ஓடும்போது, வாயுவை வெளியே விடுகிற வென்ட் குழாயைத் திறக்கக் கூடாது என்று அன்று பேசி, அந்த வால்வைக் கம்பியால் கட்டி, குப்பத்துக்காரர்கள் எதிரில் ஈயச் சீல் வைத்தார்கள். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் காப்பாற்ற வேறு ஏற்பாடு இருக்கிறது, நீ பயப்படாதே. அந்தச் சீலைப் பார்த்துக்கொள்ளத்தான் குப்பத்திலிருந்து பாஸ்கர் அண்ணனுக்கு வேலை கொடுத்தார்கள். அவர் போல்ட்டை முடுக்கினால் எறும்பின் மூச்சுகூட வெளியே வராது. அன்றும் பிரஷர் கேஜைத் தட்டிக் காட்டி, "முள்ளு ஏறிக்கினே கீது பாருங்க மேடம். ஒரு பொட்டுக் காத்து வெளிய போவல" என்று பெருமையாகச் சொன்னார். வெளியே போக வழியில்லாத இடத்தில் காற்று உள்ளே எப்படி வரும், சொல்.

பாதிப் பாட்டில் மீதி இருக்கிறது. மனோகரன் சார் இன்னும் ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டார். ஜூன் கடைசியில் குஜராத்திலிருந்து ஆள் வந்து ரியாக்டரை அளவெடுக்கப் போகிறார்கள்.

உன் அப்பாவைப் பார்த்தேன். இருமல் இருக்கிறது. டாக்டரிடம் போகச் சொன்னால் என்னைத் துரத்துகிறார்.

எழில்மொழி


டார்ட்மண்ட்
6.4.2001

எழில்மொழி,

படம் காட்டுகிறோமா? இங்கே வந்து ஒரு வாரம் நின்று பார். ஒரு துளி ஈரம் பட்டுவிடக் கூடாதென்று கண்ணாடியை ராத்திரியெல்லாம் அடுப்பில் காயவைத்து, கையுறைக்குள் கை வெந்து வேலை செய்கிறோம். உன் எண்ணூர்க் காற்றில் உப்பும் ஈரமும் பிசுபிசுக்கும். போல்ட்டை முடுக்கினால் எல்லாம் ஆயிற்றா? டொலுயினில் கரைந்திருக்கிற காற்றை எடுத்தாயா? நைட்ரஜன் சிலிண்டர் சுத்தமானதுதானா? இதையெல்லாம் பார்க்காமல் தப்பு என் தலையில். கல்லூரியிலும் நீ இப்படித்தான். உப்பைக் கண்டுபிடிக்கவில்லையென்றால் உப்பின் மேல்தான் தப்பு என்பாய்.

மறுநாள் காலை.

மேலே இருப்பதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், நீ படிக்க வேண்டும். ஆனால் எழிலு, கேஜ் முள் ஏறியது என்று எழுதியிருக்கிறாயே!

இன்று காலை வந்து எப்போதும் போல என் குடுவையைச் சூடாக்கினேன். அதற்கு மேலே ஒரு குழாய், குழாயின் முனை எண்ணெய்க்குள். அதில் குமிழி குமிழியாகப் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை நாளாக அதைப் பார்க்காமலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் கடிதம் நினைவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் முள்ளை ஏற்றியது எத்திலீன். உன் பொடி வேலை செய்திருக்கிறது! நன்றாகவே ஆரம்பித்திருக்கிறது. போக வழி இல்லாமல் அந்த வாயு உள்ளேயே நின்றுவிட்டது. ருத்தீனியம் அதையும் பிடிக்கும். பிடித்துக்கொண்டு, மூடிய வளையத்தையே திரும்பத் திறந்துவிடும். அந்தத் துண்டுக் கார்பனைச் சுமந்துகொண்டிருக்கும்போதுதான் அது சீக்கிரம் சாகவும் செய்யும். காற்று உள்ளே வரக் கூடாது, எத்திலீன் வெளியே போக வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. நான் முதலாவதை மட்டும் மூன்று முறை எழுதினேன். இரண்டாவதை எழுதத் தோன்றவே இல்லை, ஏனென்றால் இங்கே குடுவை வைத்தால் குமிழிக் குழாயும் கூடவே வைப்போம். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன் என்று யாராவது எழுதுவார்களா?

அடியிலிருந்து நைட்ரஜனை மெதுவாக விடு. மேலே கண்டென்சர் வை, டொலுயின் குளிர்ந்து திரும்ப ரியாக்டருக்குள்ளேயே விழும். எத்திலீனை நைட்ரஜன் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு வென்ட் குழாயைத் திற.

குப்பத்துக்காரர்களிடம் சொல், மாம்பழமும் வாழைப்பழமும் பழுக்கும்போது தாமாகவே விடுகிற வாயுதான் எத்திலீன்.

ரோஸ்


வியாசர்பாடி
29.4.2001

ரோஸுக்கு,

கடிதத்தைப் படித்து பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். கண்டக்டர் "இன்னாம்மா, பர்ஸ் பூட்ச்சா?" என்றார். என் ரியாக்‌ஷன் நடந்திருக்கிறது! நடந்திருக்கிறது ரோஸு, கழுத்தைப் பிடித்துக் கொன்றது நாங்கள்தான்.

ஆனால் "திற" என்று நீ ஒரு வார்த்தையில் எழுதிவிட்டாய். மனோகரன் சாருக்கும் அது ஒரு வார்த்தைதான். "ஞாயித்துக்கெழம கம்பிய கட் பண்ணு, வேல முடிஞ்சதும் புது சீல் போட்டுக்கலாம், எவனுக்குத் தெரியும்?" என்றார். முடியாது என்றேன். அப்படித் திறந்துதான் முன்னால் அந்தப் பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது. பாஸ்கர் அண்ணனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "நம்ம வேலதான் வேலையக் கெடுத்துச்சா?" என்று கேட்டார். மறுநாள் அவரே என்னைக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பச்சையம்மா அக்கா வலைக்கூடத்தில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிசிறை அறுத்துக் கீழே போட்டேன். கயிறு வளையம், அது எங்கள் சரக்கு. பிசிறு அந்த வாயு. அது வெளியே போனால்தான் வேலை நடக்கும் என்றேன்.

"அது இன்னா காத்து?"

பழம் பழுக்கிறபோது வருமே, அதுதான் என்றேன்.

"மண்டில கல்லு வெச்சிப் பழுக்க வெக்கிறானுங்களே, தின்னா வவுத்தால போவுதே, அதுவா?"

அந்தக் கார்பைடு கல் வேறு, இது வேறு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? லேபில் சின்னக் குடுவையில் ரியாக்‌ஷனை ஓட்டி, வரும் வாயுவை ரப்பர் பையில் பிடித்து, ஒரு சீப்புப் பச்சை வாழைக்காயோடு வாளிக்குள் விட்டு மூடினேன். இன்னொரு வாளியில் வெறும் வாழைக்காய். பச்சையம்மா அக்காவே வந்து இரண்டு மூடிக்கும் தன் புடவைக் கிழிசலால் கட்டுப் போட்டுவிட்டுப் போனார். சில நாளில் வந்து பிரித்தார். முதல் வாளியில் மஞ்சள், இரண்டாவதில் பச்சை. நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

"காய் பழுத்துச்சி, சரி. காய்க்கு நெஞ்சு கீதா? இருமுமா?" என்று கேட்டார். "எம்பேரனுக்குக் கீதே. காத்தோட அந்த மருந்து நாத்தமும் சேந்து வராதுன்னு எப்டி சொல்ற?"

டொலுயினைத்தான் சொல்கிறார். வராது என்று சொல்ல என்னால் முடியவில்லை, ரோஸு. கண்டென்சர் பிடிக்கும், அதற்கு மேல் ஒரு டிரம் நிறைய கரித்தூள் வைத்து அதன் வழியாக விடுவேன், ஆனால் கரி தீர்ந்தாலோ மூடி தளர்ந்தாலோ வரும் என்றேன். உண்மையைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"நீ சாயங்காலமானா வியாசர்பாடிக்கு பஸ் ஏறிடுவ. உங்க சாரு அண்ணா நகருக்குக் கார்ல பூடுவாரு. தெறந்து வுட்ட காத்து எங்களாண்ட தான் நிக்கும். தெறக்கறவ இங்க குடி வரட்டும். உன் மூச்சும் எம்பேரன் மூச்சும் ஒரே காத்துல ஓடட்டும். அப்ப தெற."

சுற்றி நின்ற ஆண்களில் ஒருவர், "வியாசர்பாடிப் பொண்ணுக்கு நம்மூருக்குள்ள வூடா?" என்று முனகினார். சாதியை வைத்துத்தான் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. பச்சையம்மா அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "வூடு என்னுது. பக்கத்துக் கதவு. ஒனக்கு இன்னா பேஜாரு?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எழில்


டார்ட்மண்ட்
12.5.2001

எழிலு,

இது என்ன கூத்து? வினையூக்கி வேலை செய்ய நீ வீடு மாற வேண்டுமா? ருத்தீனியத்தைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன், இப்படி ஒரு நிபந்தனையை எங்கேயும் படித்ததில்லை.

என் பேராசிரியரிடம் உன் கதையைச் சொன்னேன். பெரிய கலனில் எத்திலீன் மாட்டிக்கொண்டதையும், நீ கண்டென்சருக்கு மேல் கரி டிரம் யோசித்ததையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் இங்கே வருவாளா என்றார். இடம் இருக்கிறது எழிலு. அக்டோபரிலிருந்து. நான் கெஞ்சி வாங்கியதில்லை, அவராகவே கேட்டது. இந்த முறை யாரும் ஏர்போர்ட்டில் காத்திருக்க வேண்டாம், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

பச்சையம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களோடு அந்தப் புகையைக் குடிக்க வேண்டியவர்கள் உன் முதலாளிகள், நீ இல்லை. ஒருவன் உன்னைப் பார்த்து முனகிய ஊரில் போய் உட்காரப் போகிறாயா? நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் உன் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்ததில் எனக்கு நடந்தது என்ன தெரியுமா? நல்ல ரிசல்ட் வந்தால் சொல்ல ஆள் இல்லை. இங்கே எல்லோரும் "அருமை" என்பார்கள், அதோடு சரி. "இது தப்பு, திரும்பப் பண்ணு" என்று கத்த ஆள் இல்லை.

வா. பி பிளாக் இல்லாவிட்டால் உலகம் முடிந்துவிடாது.

ரோஸ்


வெள்ளோடைக் குப்பம், எண்ணூர்
24.6.2001

ரோஸுக்கு,

மேலே முகவரியைப் பார்த்திருப்பாய். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்பா ஸ்டவ்வையும் பாயையும் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது" என்றார். அந்தக் காற்றுதான் பிரச்சினை என்று அவரிடம் சொல்லவில்லை.

பச்சையம்மா அக்கா நாள் குறித்தார். மேல்காற்று அடிக்கிற நாள்தான் வேண்டும் என்றார். அன்று கம்பெனிப் பக்கமிருந்து வருவது எல்லாம் நேரே குப்பத்தின் மேல் விழும். அது சரி, மோசமான நாளில் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். பிறகு இன்னொன்று சொன்னார் பார்: "நீ அங்க நிக்காத. பாஸ்கரு தெறக்கட்டும். நீ இங்க என்னோட ஒக்காரு."

ரோஸு, நான் சண்டை போட்டு வாங்கிய ரியாக்‌ஷன், கடைசிப் பாதிப் பாட்டில், அதை நான் பார்க்கக் கூடாதாம். கரைத்துக் கொடுத்துவிட்டு, வால்வின் ஈயச் சீலை, குப்பத்து ஆட்கள் அறுப்பதைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பச்சையம்மா அக்கா, அவர் மடியில் பேரன், என் கையில் பாஸ்கர் அண்ணனோடு பேச கம்பெனி வாக்கி-டாக்கி. உள்ளே கலர் மாறிவிட்டதா, நைட்ரஜன் போதுமா, கண்டென்சரில் தண்ணீர் ஓடுகிறதா, எதுவும் தெரியாது. மூக்கு மட்டும்தான் எனக்கு மிச்சம். முதல் மணி நேரம் கருவாட்டு வாசனைதான் வந்தது.

பிறகு ஒரு வீச்சு. லேசாக, இனிப்பாக, பெயிண்ட் கடை வாசனை. டொலுயின். பச்சையம்மா அக்கா பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு லேசு. அந்த ஒரு கணத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை உனக்கு மறைக்க மாட்டேன்: வினையூக்கி இப்போதுதான் வேகம் பிடித்திருக்கும், மூடினால் செத்துவிடும், பி பிளாக் போய்விடும். நினைத்து முடிப்பதற்குள் என் வாய் கத்திவிட்டது. "மூடுங்க பாஸ்கரண்ணே! வால்வை மூடுங்க!"

மூடிவிட்டார். கரி டிரம்மின் மூடி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது என்று அவர் பார்த்துச் சொல்லி, வாஷரை மாற்றி முடுக்கினார். முள் ஏறுகிறது மேடம், ஏறுகிறது மேடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் திறக்கச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காற்றையே முகர்ந்துகொண்டிருந்தேன்.

குப்பம் கூடிவிட்டது. அன்று முனகியவரும் வந்து நின்றார். "இன்னா நாத்தம்? எங்களுக்கு ஒண்ணும் தெர்லியே" என்றார். பச்சையம்மா அக்கா என் முகத்தையே பார்த்தார். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய், முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் கையிலிருந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார்.

"பாஸ்கரு, நல்லா இறுக்கிட்டியா? இறுக்கிட்டியில்ல? அப்ப தெறடா. இங்க மொதல்ல கத்தறதுக்கு ஆளு கீது."

நான் அழுதேன். அவர் பையனின் தட்டில் மிச்சமிருந்த சோற்றை எனக்கு ஊட்டினார்.

மூடி வைத்ததில் கொஞ்சம் வினையூக்கி செத்திருக்கும். ஆனாலும் மறுநாள் செல்லக்கனி சாம்பிளைப் பார்த்துவிட்டு லேபிலிருந்து ஓடி வந்தாள், சோதனைத் தாளைக் கொடுக்கக்கூட இல்லை, தன் மணிக்கட்டை என் மூக்கில் வைத்தாள். கஸ்தூரி. போட்டதில் பாதிக்கு மேல் வளையமாகிவிட்டது. குஜராத்திலிருந்து அளவெடுக்க வருபவர்களை மனோகரன் சார் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பி பிளாக் இங்கேதான் இருக்கும். இனி ஒவ்வொரு தடவையும் வால்வைத் திறக்கும்போது நான் இந்த வாசலில் உட்கார வேண்டும், அது ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. முதலாளிகளின் கையெழுத்தும் இருக்கிறது. அவர்களும் வருஷத்துக்கு ஒரு மேல்காற்று நாளில் இங்கே வந்து உட்கார வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். நீ சொன்னதுதான்.

நான் பயந்துதான் நின்றேன் என்று இனியும் நீ நினைத்தால் நினைத்துக்கொள், நான் கவலைப்படவில்லை. நல்ல ரிசல்ட் வந்தால் எழுது, தப்பு என்று கத்துகிறேன்.

பேராசிரியருக்கு என் நன்றியைச் சொல். இடம் கொடுத்தாரே, பெரிய மனசு. ஆனால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நான் வீடு பிடித்துவிட்டேன்.

எழில்